கர்ப்பகால சிரை அழற்சி சார்ட்: க்ளைம் திரும்பி வந்தால் எங்கே கை வைப்பது?

ஓசூருக்கு ஷிஃப்ட் போகிறவர்களும் சரி, பாலக்கோடு, ஊத்தங்கரை, காவேரிப்பட்டினம் பக்கம் வீட்டிலிருந்தே அமெரிக்க சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) பார்த்து, காப்பீட்டு க்ளைமுக்கு நோய்க் கோடு போடுகிறவர்களும் சரி, ஓபி (மகப்பேறு) குழுவுக்கு மாறியதும் முதலில் முட்டிக்கொள்கிற இடம் ஓ22 என்ற கோடு வரிசைதான். கர்ப்பகாலத்தில் வரும் சிரைக் கோளாறுகள் எல்லாம் அந்த ஒரே கூரைக்குள் இருக்கின்றன. காலில் சுருண்ட சிரை, மேலோட்டச் சிரை அழற்சி, டிவிடி (ஆழ்சிரையில் ரத்தம் உறைவது), மூலம், மூளைச் சிரை உறைவு என்று வரிசையாக வரும். ஆடிட்டில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை கோடு புத்தகம் தெரியாததால் வருவதில்லை. எந்தச் சிரை, எந்த வாரம், யார் சொன்னது என்ற மூன்றையும் சார்ட்டில் தேடிப் படித்திருக்க மாட்டார்கள். கீழே உள்ள ஒவ்வொரு தவறும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

கோடுகளின் ஆங்கில எழுத்தை ஓ (O), ஐ (I), இசட் (Z), டி (T), எம் (M), ஆர் (R) என்று தமிழில் எழுதியிருக்கிறேன். என்கோடரில் (கோடு தேடும் மென்பொருள்) அடிக்கும்போது ஆங்கில எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள்.

என்கோடர் "செல்லாத கோடு" என்கிறது

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். முதலில், நீங்கள் அடித்தது எழுத்து ஓவா, பூஜ்யமா என்று பாருங்கள். எக்செல் ஷீட்டிலிருந்து காப்பி செய்யும்போது இது அடிக்கடி மாறும். அடுத்து, கோடின் நீளம். நம்மூர் மருத்துவமனை எம்ஆர்டி-யில் (மருத்துவப் பதிவுத் துறை) வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்க் கோடுப் பட்டியல் பழகியிருக்கும். அதில் ஓ22.2 என்றாலே முழுக் கோடு. அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் அது பாதிதான். ஐந்தாவது இலக்கம் டிரைமெஸ்டர் (கர்ப்பகாலத்தின் மூன்று பகுதிகளில் எது என்பது): 1, 2, 3, தெரியாவிட்டால் 0. "மற்ற சிரைக் கோளாறு" என்ற ஓ22.8 மட்டும் இடையில் ஒரு எக்ஸ் கேட்கும்: ஓ22.8எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்3, தெரியாவிட்டால் எக்ஸ்9.

டினையல் (க்ளைம் மறுப்பு) சிஓ-146 என்று வந்திருந்தால், சேவை நடந்த தேதியில் அந்தக் கோடு அமலில் இல்லை என்று பொருள். கோடு தொகுப்பு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று மாறுகிறது. உதாரணமாக, கெண்டைக்கால் தசைச் சிரைக்கான ஐ82.46 வரிசை 2019 அக்டோபர் 1 அன்றுதான் வந்தது. பழைய தேதிக்குப் புதுக் கோடு போட்டால் திரும்பி வரத்தான் செய்யும்.

டிரைமெஸ்டரும் வாரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

ஓ22.21 போட்டு, கூடவே கர்ப்ப வாரத்தைச் சொல்லும் இசட்3ஏ.15 போட்டிருப்பார்கள். முதல் டிரைமெஸ்டர் என்கிறது ஒன்று, 15 வாரம் என்கிறது இன்னொன்று. எடிட் மென்பொருள் இதை உடனே பிடித்துவிடும்.

வீட்டில் "மூணு மாசம் முடிஞ்சுது" என்று சொல்லும் கணக்கு இங்கே உதவாது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 14 வாரம் 0 நாள் ஆகும் வரை முதல் டிரைமெஸ்டர். 14 வாரம் 0 நாளிலிருந்து 28 வாரம் 0 நாளுக்கு முன்பு வரை இரண்டாவது. 28 வாரம் 0 நாளிலிருந்து பிரசவம் வரை மூன்றாவது. எல்எம்பி (கடைசி மாதவிடாயின் முதல் நாள்) 2025 ஜனவரி 6 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 13 அன்று அவருக்கு 13 வாரம் 6 நாள், அதாவது முதல் டிரைமெஸ்டர். மறுநாள் சித்திரை ஒன்று, 14 வாரம் 0 நாள், இரண்டாவது டிரைமெஸ்டர். ஜூலை 21 அன்று மூன்றாவது தொடங்குகிறது. ஒரே நாளில் கோடு மாறிவிடும் என்பதால் விரல்விட்டு எண்ணாதீர்கள், கால்குலேட்டரில் நாட்களைக் கூட்டி ஏழால் வகுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே வரும் ஒரு தவறு உண்டு. எல்எம்பி 03/04/2025 என்று சார்ட்டில் இருக்கும். சின்ன வயதிலிருந்து தேதியை முதலில் எழுதிப் பழகிய கண், அதை ஏப்ரல் 3 என்று படித்துவிடும். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், ஆகவே அது மார்ச் 4. பார்வை நாள் ஜூன் 20 என்றால் சரியான கணக்கு 15 வாரம் 3 நாள். தவறாகப் படித்தால் 11 வாரம் 1 நாள் வரும். டிரைமெஸ்டரே மாறிப்போகிறது. சரிபார்க்க ஒரே வழி, ஈடிடி-யை (எதிர்பார்க்கும் பிரசவத் தேதி) பாருங்கள். எல்எம்பி-யோடு 280 நாள் கூட்டினால் ஈடிடி வர வேண்டும். மார்ச் 4-க்கு அது டிசம்பர் 9. சார்ட்டில் 12/09/2025 என்று இருந்தால் உங்கள் வாசிப்பு சரி.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் டாக்டர் வாரத்தை எழுதாதபோதுதான். அவர் "31 வாரம் 2 நாள்" என்று எழுதியிருந்தால் அதுவே முடிவு. ஆரம்ப ஸ்கேனை வைத்து ஈடிடி-யை மாற்றியிருப்பார்கள், எல்எம்பி கணக்கு அதோடு ஒட்டாமல் இருக்கும். அப்போது உங்கள் கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரின் வாரத்தை எடுங்கள்.

உள்நோயாளி சார்ட்டில் இன்னொரு சிக்கல் வரும். 27 வாரம் 5 நாளில் டிவிடி-யோடு அட்மிட் ஆகி, 28 வாரம் 3 நாளில் டிஸ்சார்ஜ் ஆகிறார் என்றால் எந்த டிரைமெஸ்டர்? கோளாறு எப்போது இருந்ததோ அந்த டிரைமெஸ்டர், அதாவது இரண்டாவது. டிஸ்சார்ஜ் நாளைப் பார்க்கக் கூடாது. இசட்3ஏ-வும் அட்மிஷன் தேதியின் வாரம்தான்: இசட்3ஏ.27. அட்மிட் ஆன பிறகு, 28 வாரம் கடந்து புதிதாக உறைவு வந்திருந்தால் மட்டும் ஓ22 மூன்றாவது டிரைமெஸ்டருக்குப் போகும், இசட்3ஏ அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் இரண்டும் முரண்படுவது போலத் தெரியும். அது முரண் இல்லை, அப்படியே அனுப்புங்கள்.

ஆடிட்டர் "தவறான சிரை" என்று குறித்திருக்கிறார்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மேலோட்டச் சிரை அழற்சிக்கு ஓ22.2 வரிசை, ஆழ்சிரை உறைவுக்கு ஓ22.3 வரிசை. பார்க்க ஒரு இலக்க வித்தியாசம்தான். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அது பெரிய வித்தியாசம். டிவிடி என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊசி பற்றிப் பேசுவார்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை தர மறுப்பார்கள். இல்லாத டிவிடி-யை ஏற்றிவிட்டால் தேவையில்லாத பயமும் மருந்தும் அவர் பின்னாலேயே போகும். இருக்கிற டிவிடி-யை மேலோட்டம் என்று இறக்கிவிட்டால் அடுத்த டாக்டருக்கு எச்சரிக்கை போய்ச் சேராது. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் அபாயம் சாதாரண நாளைவிட நான்கைந்து மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இலக்கத்தை அடியுங்கள்.

ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 28 வயது, இரண்டாவது கர்ப்பம், 31 வாரம் 2 நாள். இடது கெண்டைக்காலின் உட்புறம் சிவந்து, கயிறு போலத் தடித்து, தொட்டால் வலி. டூப்ளெக்ஸ் ஸ்கேனில் (சிரைகளைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) இடது கிரேட் சஃபீனஸ் சிரையில் உறைகட்டி. ஆழ்சிரைகள் அழுத்தினால் முழுவதும் மடிகின்றன. டாக்டரின் முடிவு: இடது கால் மேலோட்டச் சிரை அழற்சி. கோடுகள் ஓ22.23, ஐ80.02, இசட்3ஏ.31, இதே வரிசையில். ஓ22.2-க்குக் கீழே டேபுலரில் (கோடு புத்தகத்தின் எண் வரிசைப் பகுதி) "கூடுதல் கோடு சேர்க்கவும்" என்று ஐ80.0 வரிசையைக் காட்டும் குறிப்பு இருக்கிறது. அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தக் கால் என்ற தகவல் அதில்தான் போகிறது: 1 வலது, 2 இடது, 3 இரண்டும்.

இதே சார்ட்டில் டாக்டர் எனாக்ஸபாரின் ஊசி எழுதியிருப்பார். "ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டிருக்கு, அப்போ டிவிடி தானே அக்கா?" என்று கேட்பார்கள். இல்லை. உறைகட்டி சஃபீனஸ் சிரை தொடைச் சிரையோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மேலோட்டமாக இருந்தாலும் அந்த ஊசி போடுவார்கள். மருந்தைப் பார்த்து நோயை ஊகித்துக் கோடு போட நமக்கு அனுமதி கிடையாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் "சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் வெயின்" என்று இருக்கும். சூப்பர்ஃபிஷியல் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக ஓ22.2-க்குப் போய்விடும். அது ஆழ்சிரை. தொடைச் சிரைக்கு இருந்த பழைய பெயர் அது. இப்போது வெறும் ஃபெமோரல் வெயின் என்று எழுதச் சொல்கிறார்கள், ஆனாலும் ரிப்போர்ட்டுகளில் பழைய பெயர் இன்னும் வருகிறது. 24 வாரத்தில் இடது பக்கம் அந்தச் சிரையில் புதிய உறைகட்டி இருப்பதாக டாக்டர் உறுதி செய்தால் ஓ22.32, ஐ82.412, இசட்3ஏ.24. டாக்டர் தன் குறிப்பில் "மேலோட்டம்" என்றும், ஸ்கேன் இந்தப் பெயரையும் சொன்னால் நீங்களே தீர்ப்பு எழுதாமல் க்வெரி (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) அனுப்புங்கள். அந்த ஒரு க்வெரி அந்தப் பெண்ணின் சிகிச்சையையே திருத்தக்கூடும்.

ஒரு கையேடாக வைத்துக்கொள்ள: கிரேட் சஃபீனஸ், ஸ்மால் சஃபீனஸ் இரண்டும் மேலோட்டம். ஃபெமோரல், பாப்ளிட்டியல், டிபியல், பெரோனியல், இலியாக் எல்லாம் ஆழம். கெண்டைக்கால் தசைக்குள் ஓடும் சோலியல், காஸ்ட்ரோக்னீமியஸ் சிரைகளும் ஆழம்தான்.

கர்ப்பத்தில் டிவிடி இடது காலில்தான் அதிகம் வரும். வலது பக்கத்துத் தமனி ஒன்று இடது இலியாக் சிரையின் குறுக்கே போய் அதை அழுத்துவதுதான் காரணம். அதற்காகப் பக்கம் எழுதாத சார்ட்டில் "இடதாகத்தான் இருக்கும்" என்று போட்டுவிடக் கூடாது. டாக்டர் பக்கத்தை எழுதாவிட்டால் நர்ஸ் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள கைட்லைன் இடம் கொடுக்கிறது. இரண்டும் முரண்பட்டால் க்வெரி.

முதன்மைக் கோடாக ஐ80 அல்லது ஐ82 போனதால் திரும்பி வந்தது

கர்ப்பிணியின் சார்ட்டில் கோடு புத்தகத்தின் 15-ஆம் அத்தியாயத்துக்குத்தான் (கர்ப்பம், பிரசவம் பற்றிய ஓ கோடுகள்) முன்னுரிமை. ஓ கோடு முதலில், ஐ கோடு பின்னால். ஐ82-க்கு மேலே "முதலில் இதைக் கோடு செய்" என்று ஓ22-ஐயும் ஓ87-ஐயும் சுட்டும் குறிப்பே இருக்கிறது.

"கர்ப்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு டாக்டர் எழுதலையே" என்ற கேள்வி வரும். எழுத வேண்டியதில்லை. சம்பந்தம் இல்லை என்றால்தான் டாக்டர் அதைச் சொல்ல வேண்டும். அப்படித் தெளிவாகச் சொன்னால் மட்டுமே இசட்33.1 (கர்ப்பம் தற்செயலாக உடனிருக்கிறது என்ற கோடு). அவர் மௌனமாக இருந்தால் கர்ப்பத்தைச் சிக்கலாக்கும் நோய் என்றே எடுக்க வேண்டும். இந்த ஓ கோடுகள் தாயின் சார்ட்டுக்கு மட்டும். குழந்தையின் சார்ட்டில் ஒருபோதும் வரக் கூடாது.

டூப்ளெக்ஸ் ஸ்கேனுக்குப் பணம் மறுக்கப்பட்டது: சிஓ-50 அல்லது சிஓ-11

மருத்துவத் தேவை இல்லை, அல்லது நோய்க்கும் சோதனைக்கும் பொருத்தம் இல்லை என்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: வெளிநோயாளி, கால் வீக்கம், "டிவிடி-யா என்று பார்க்க" ஸ்கேன், ஸ்கேனில் எதுவும் இல்லை. இங்கே கோடர் இரண்டு வழியில் தவறுவார். ஒன்று, டிவிடி-யையே போட்டுவிடுவார். வெளிநோயாளி சார்ட்டில் "சந்தேகம்", "இருக்கலாம்", "இல்லை என்று உறுதிப்படுத்த" போன்ற சொற்களுக்குக் கோடு கிடையாது. அல்லது சாதாரண கர்ப்பக் கண்காணிப்புக் கோடை மட்டும் போடுவார். அதைப் பார்க்கும் பேயருக்கு (பணம் தரும் காப்பீட்டு நிறுவனம்) ஏன் ஸ்கேன் எடுத்தார்கள் என்றே புரியாது.

அறிகுறியைச் சொல்லுங்கள். 22 வாரத்தில் இடது கீழ்க்கால் வலி என்றால் ஓ26.892, எம்79.662, இசட்3ஏ.22. சந்தேகத்தோடு ஸ்கேனுக்கு அனுப்புவது டாக்டரின் அதிக எச்சரிக்கை அல்ல. டி-டைமர் (உறைவு உண்டா என்று பார்க்கும் ரத்தச் சோதனை) அளவு கர்ப்பத்தில் தானாகவே ஏறும், அதை மட்டும் நம்பி உறைவு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆகவே ஸ்கேன் தேவையே. அந்தத் தேவை உங்கள் அறிகுறிக் கோடில் தெரிய வேண்டும்.

ஸ்கேனில் உறைவு உறுதியாகி, கதிரியக்க மருத்துவரின் இறுதி ரிப்போர்ட் கோடு போடும்போது கையில் இருந்தால், வெளிநோயாளிக்கு அந்த முடிவையே கோடு செய்யலாம். சோதனைக் கோடையும் பாருங்கள். இரண்டு காலும் முழுமையாகப் பார்த்தால் 93970, ஒரு கால் அல்லது குறைந்த அளவு என்றால் 93971. இடது கால் மட்டும் பார்த்துவிட்டு 93970 போனால் அதுவும் நிற்காது.

உள்நோயாளிக்கு விதி வேறு. டிஸ்சார்ஜின்போது "டிவிடி-யாக இருக்கலாம்" என்று டாக்டர் எழுதி முடித்திருந்தால், இருப்பதாகவே வைத்துக் கோடு போட வேண்டும். இரண்டு விதியையும் கலக்காதீர்கள். நாள் முழுக்க வெளிநோயாளி சார்ட் பார்த்தவருக்கு இது மாறிப்போவது சகஜம்.

கையில் அழற்சி, ஆனால் கால் கோடு போயிருக்கிறது

வாந்தி அதிகமாகி டிரிப்ஸ் ஏற்றியிருப்பார்கள், வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்து வீங்கியிருக்கும். "ஃப்ளெபைட்டிஸ்" என்ற சொல்லைப் பார்த்ததும் ஓ22.2, ஐ80.0 போட்டால் காலில் நோய் என்று ஆகிவிடும். டிரிப்ஸ் ஏற்றியதால் வந்த அழற்சி என்று டாக்டர் எழுதியிருந்தால் டி80.1எக்ஸ்எக்ஸ்ஏ. அதற்கு முன்னால் கர்ப்பத்துக்கான ஓ9ஏ.21 வரிசை, டிரைமெஸ்டர் இலக்கத்தோடு. டிரிப்ஸுக்கும் அழற்சிக்கும் உள்ள தொடர்பை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நர்ஸ் குறிப்பில் "ஊசி இடம் சிவப்பு" என்று மட்டும் இருந்தால் கோடு போடாதீர்கள்.

பிரசவம் ஆன பிறகும் ஓ22 போயிருக்கிறது

குழந்தை பிறந்த நிமிடத்திலிருந்து ஆறு வாரம் வரை ஓ87 வரிசை. மேலோட்ட அழற்சிக்கு ஓ87.0, டிவிடி-க்கு ஓ87.1. இதில் டிரைமெஸ்டர் இலக்கம் கிடையாது, இசட்3ஏ-வும் சேர்க்கக் கூடாது. நுரையீரலுக்கு உறைகட்டி போயிருந்தால் அது ஓ88 வரிசை. ஓ22-வும் ஓ88-உம் ஒன்றாக வரலாம், எக்ஸ்க்ளூட்ஸ்2 (இரண்டையும் சேர்த்துப் போடலாம் என்ற குறிப்பு) தான். இடம்மாறிய கர்ப்பம், முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்றால் ஓ22 பக்கமே வராமல் ஓ08.7-க்குப் போங்கள்.

பழைய டிவிடி-யை இன்றைய நோயாகப் போட்டது

"2021-ல் டிவிடி, இப்போது தடுப்பு ஊசி" என்று இருந்தால் இன்று நோய் இல்லை. இசட்86.718. பழைய மேலோட்ட அழற்சி என்றால் இசட்86.72. தொடர்ந்து உறைவு எதிர்ப்பு மருந்து ஓடினால் இசட்79.01 சேரும். மருந்து ஓடுகிறது என்பதற்காக நோய் ஓடுகிறது என்று எடுக்காதீர்கள். ஆனால் இந்தக் கர்ப்பத்திலேயே வந்த டிவிடி-க்குச் சிகிச்சை தொடர்கிறது என்றால் அது வரலாறு ஆகாது. டாக்டரின் வாசகம் இரண்டுக்கும் நடுவில் நின்றால் க்வெரி.

க்வெரி போனது, பயனில்லாத பதில் வந்தது

பெரும்பாலும் கேட்ட விதத்தில் கோளாறு இருக்கும். "இது டிவிடி தானே, உறுதி செய்யவும்" என்று கேட்பது விடையை வாயில் ஊட்டுவது. அது விதிக்கு விரோதம், ஆடிட்டிலும் நிற்காது. பணம் எவ்வளவு மாறும் என்பதையும் க்வெரியில் எழுதக் கூடாது. சார்ட்டில் உள்ளதை உள்ளபடி வைத்து, தேர்வுகளைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் அனுப்பும்போது இந்த அமைப்பு இருக்கட்டும்:

"24 வாரக் குறிப்பில் இடது கால் மேலோட்டச் சிரை அழற்சி என்று உள்ளது. அதே நாள் டூப்ளெக்ஸ் ரிப்போர்ட்டில் இடது சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் வெயினில் புதிய உறைகட்டி என்று உள்ளது. எனாக்ஸபாரின் தொடங்கப்பட்டுள்ளது. உங்கள் மருத்துவ முடிவின்படி நோயைத் தெளிவுபடுத்தவும்: மேலோட்டச் சிரை அழற்சி / ஆழ்சிரை உறைவு / இரண்டும் / வேறு (குறிப்பிடவும்) / தீர்மானிக்க இயலவில்லை."

இப்படிக் கேட்டால் டாக்டர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.

கடைசியாக ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். சந்தேகம் கேட்பதற்காகச் சார்ட்டை செல்போனில் படம் பிடித்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயரை மறைத்தாலும் பிறந்த தேதியும் சார்ட் எண்ணும் ஓரத்தில் தெரியும். அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா (நோயாளி தகவலின் ரகசியம் காக்கும்) சட்டப்படி அது மீறல், வேலையும் போகும். வாரம், சிரையின் பெயர், டாக்டரின் வாசகம் மூன்றையும் தட்டச்சு செய்து கேளுங்கள். பதில் சொல்ல எங்களுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.